சும்மா கிடக்கும் இரும்பு: மின்சாரக் காரின் பிரேக் ஏன் கரகரக்கிறது?

நம்பிக்கை: மின்சாரக் காரில் பிரேக் தேயாது. அதனால் அதைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்.

உண்மை: முதல் வாக்கியம் பெருமளவு சரி. இரண்டாவதுதான் கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கார்களைக் கெடுக்கிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் ஓட்டத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. வண்டி மெதுவாகும், ஆனால் பிரேக் பேட் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்தாது. பல கார்களில் பிரேக்கை மெல்ல மிதித்தாலும் முதலில் வேலை செய்வது மோட்டார்தான். டிஸ்க்கோ வார்ப்பிரும்பு, உரசும் முகத்தில் பெயின்ட் பூசிக் காப்பாற்றவும் வழியில்லை. தேவனாம்பட்டினம், முதுநகர், பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற இடங்களில் கடற்காற்று கொண்டுவரும் உப்பு அந்த இரும்பின் மேல் படிகிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எனவே மழையில்லாத நாளிலும் துரு வளரும். காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் கடலோர அரிப்பு ஆய்வு நிலையம் நடத்துவதும், இந்தியாவுக்கே அரிப்பு வரைபடம் தயாரித்ததும் இந்தச் சேதத்தின் கனம் தெரிந்துதான்.

கடலோரத்தில் எல்லா வண்டியும்தானே துருப்பிடிக்கிறது, மின்சாரக் காருக்கு மட்டும் என்ன தனி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெட்ரோல் கார் நிறுத்தியே கிடந்தால் அதன் டிஸ்க்கும் துருவேறும். ஆனால் தினமும் ஓடினால் ஒவ்வொரு சிக்னலிலும் பேட் உரசி அதைத் துடைத்துவிடும். மின்சாரக் காரில் தினமும் ஓட்டினாலும் அந்தத் துடைப்பு போதிய அளவு நடப்பதில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் வரையிலான ஏறத்தாழ 45 கி.மீ. சாலையை நிதானமாகக் கடக்கும் ஒருவர், பேட்டுக்குப் பெரிய வேலையே கொடுக்காமல் போய்ச் சேர முடியும். ஃபோக்ஸ்வேகன் தன் ஐடி.3, ஐடி.4 மின்சாரக் கார்களின் பின்சக்கரங்களுக்கு மூடிய டிரம் பிரேக் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்: அதிகம் உழைக்காத பிரேக் திறந்து கிடக்கக் கூடாது.

நம்பிக்கை: கரகரவென்று கேட்டால் பேட் தேய்ந்துவிட்டது. மாற்றினால் தீர்ந்தது.

உண்மை: சத்தம் எப்போது வருகிறது என்பதுதான் முதல் சாட்சி. மழை பெய்த மறுநாள் காலை சக்கரக் கம்பிகளின் இடுக்கில் பார்த்தால் டிஸ்க் முழுக்க மஞ்சள்தூளைக் குழைத்துப் பூசியது போல ஒரு படலம் தெரியும். நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் அது கரைந்து இரும்பு பளிச்சிட்டால், சத்தமும் அதோடு நின்றால், கவலைக்கு ஒன்றுமில்லை. பேட்டரி முழுதாக நிரம்பிய காலையில் மட்டும் சத்தம் கேட்பதும் உண்டு. நிரம்பிய பேட்டரியால் மின்சாரத்தைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் அன்று உண்மையான பிரேக் வேலைக்கு இறங்கி, மறைந்திருந்த துருவைக் காட்டிக்கொடுக்கிறது. பல கி.மீ. ஓடியும் டிஸ்க்கில் கறுத்த வளையமோ குழிகளோ மீதமிருந்தால் துரு ஆழமாக இறங்கிவிட்டது. பிரேக் பிடிக்காதபோதும் உரசல் கேட்டால் டிஸ்க்குக்கும் அதன் பின்னுள்ள தூசித் தகட்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கலாம், அல்லது பேட்டை அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம். வேகத்தோடு கூடி, வளைவில் மாறும் உறுமல் என்றால் வீல் பேரிங்கைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போதெல்லாம் இரும்பும் இரும்பும் அறைவது போலிருந்தால் மட்டுமே பேட் தீர்ந்து அதன் இரும்புப் பின்தகடு உரசுகிறது என்று சந்தேகிக்கலாம். அப்போது வண்டியை ஓட்டவே கூடாது.

சக்கரத்தைக் கழற்றியதும் உள்பேட், வெளிபேட் இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருந்தால் பெரும்பாலும் குற்றவாளி இறுகிப்போன ஸ்லைடு பின். பேட்டை மட்டும் மாற்றினால் புதியதும் அப்படியே தேயும். பின்னைக் கழற்றித் துடைத்து, அதற்கென உள்ள சிலிக்கோன் கிரீஸ் இட்டால்தான் காலிப்பர் மீண்டும் நகரும். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போகாதவரை லேத்தில் கொடுத்துச் சீர்செய்யலாம், போனால் மாற்றத்தான் வேண்டும். ஜாக்கியை நிறுவனம் குறித்த இடத்தில் மட்டுமே வைக்க வேண்டும்; காரின் தரைத்தளத்துக்கு அடியில் இருப்பது பேட்டரி. பின்சக்கரத்தில் மின்சார ஹேண்ட் பிரேக் இருந்தால் அதைச் சர்வீஸ் நிலைக்கு மாற்றாமல் காலிப்பரை அழுத்தித் தள்ளவே கூடாது.

நம்பிக்கை: துரு தானே, கொஞ்சம் எண்ணெய் தெளித்தால் போகும்.

உண்மை: உயிருக்கு ஆபத்தான வைத்தியம் இது. பேட் எண்ணெயை உறிஞ்சிவிட்டால் பிடிக்கும் சக்தியே போய்விடும். அந்தப் பேட்டைத் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை. வெள்ளத்திலோ உப்புநீரிலோ ஓடிய வண்டிக்கு நல்ல தண்ணீரால் கழுவுவதும், கழுவிய ஈரத்தோடு நிறுத்திவிடாமல் சிறிது தூரம் ஓட்டிப் பிரேக் பிடித்து உலர்த்துவதும்தான் மருந்து. பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும் பொருள். பேட் புதிதாகவே இருந்தாலும், நிறுவனம் சொன்ன கெடுவில், பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை, அந்த ஆயிலை மாற்ற வேண்டும்.

நம்பிக்கை: வேண்டுமென்றே பிரேக் பிடித்தால் சார்ஜ் வீணாகும்.

உண்மை: கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் ஓட்டத்தில் இருக்கும் ஆற்றல் சுமார் 0.06 யூனிட். ஐந்து முறை முழுதாக நிறுத்தி, அத்தனையும் வெப்பமாகப் போனாலும் 0.3 யூனிட், ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. ஓடும் வண்டிக்கு 2 கி.மீ. தூரம். வாரம் ஒருமுறை இந்த 2 கி.மீ.யைக் கொடுப்பது பெரிய இழப்பே இல்லை. பின்னால் வண்டி வராத நேரான சாலையில், மின்சாரம் திரும்ப எடுக்கும் அளவைப் பூஜ்யத்துக்கு வைத்து, படிப்படியாக ஆனால் அழுத்தமாகப் பிரேக் பிடித்தால் போதும். அவசரத்தில் குழந்தையோ மாடோ குறுக்கே வரும்போது வண்டியை நிறுத்தப் பேட்டும் டிஸ்க்கும் முழுப் பலத்தோடு வேண்டும். அந்த ஒரு நொடிக்காகத்தான் வாரந்தோறும் அவற்றுக்கு வேலை கொடுத்து வைக்கிறோம்.