காசநோய்ச் சிகிச்சையில் தொலைபேசியின் துணை



1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், நாம் வாழும் இந்நாட்டின் பேர்லின் நகரிலே, காசநோயை உண்டாக்கும் கிருமியைத் தாம் கண்டறிந்தமையை றொபேர்ட் கொக் என்னும் வைத்தியர் அறிஞர் அவையொன்றில் எடுத்துரைத்தார். அந்நாளே உலகக் காசநோய் தினமாக நினைவுகூரப்படுகின்றது. சயரோகம் என நம் மூத்தோர் அஞ்சி மறைத்த இந்நோய் குலத்தின் சாபமன்று, கிருமியால் வருவதே என்பது அன்றே தெளிவாயிற்று.

இன்று இதற்கு நல்ல மருந்துகள் உள. வழமையான சிகிச்சையில் முதல் இரண்டு மாதங்கள் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதங்கள் இரண்டு மருந்துகளும் கொடுக்கப்படுகின்றன. ஆயின் சில வாரங்களிலேயே இருமல் தணியும், பசி எடுக்கும், உடல் தேறும். "சுகமாகிவிட்டது" என எண்ணி நோயாளர் மருந்தை நிறுத்திவிடுவதும் உண்டு. அப்போது எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காத வலிமையையும் பெறக்கூடும். ஆகவே, மருந்தைத் தொடங்குவதைவிட முடிப்பதே கடினமானது.

இவ்வுண்மையை ஆராய்ந்தறிந்ததில் தமிழ்நாட்டுக்குச் சிறப்பான பங்குண்டு. 1956இல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அங்கு 193 நோயாளரில் ஒரு பகுதியினருக்கு மருத்துவமனையிலும், ஏனையோருக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு சிகிச்சை அளிக்கப்பட்டது. வீட்டிலிருந்தோர் வறுமையிலும் நெருக்கடியிலும் வாழ்ந்தவர்கள்; எனினும் அவர்களும் ஏறக்குறைய அதேயளவு குணமடைந்தனர். 1959இல் வெளியான இம்முடிவு உலகின் சிகிச்சை முறையையே மாற்றியது. வீட்டிலிருந்தோர் தனித்து விடப்படவில்லை என்பதையும் நாம் கவனித்தல் வேண்டும். பணியாளர் எதிர்பாராத வேளைகளில் வீடு சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர்.

பின்னர், பணியாளர் முன்னிலையில் மருந்தை விழுங்கும் முறை பல நாடுகளிலும் பரவியது. ஆனால் நாள்தோறும் நிலையத்துக்குச் செல்வதால் வேலை கெடும். அயலார் அறிவரோ என்ற கூச்சமும் வாட்டும். இவ்விடத்திலேதான் தொலைமருத்துவம் உதவுகின்றது. நோயாளர் மருந்து விழுங்குவதைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து அனுப்ப, தாதியர் அதனைப் பார்த்து உறுதிசெய்வர். 2017இல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையை ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தில் 226 பேரிடம் நடத்தப்பெற்று 2019இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு மாதங்களில் குறித்த வேளைகளில் எண்பது வீதத்துக்குக் குறையாமல் மருந்தெடுத்ததை உறுதிசெய்ய முடிந்தோர், காணொளி முறையில் 70 வீதத்தினர். நேரில் பார்க்கும் முறையில் 31 வீதத்தினரே.

இந்தியாவில் எளிய தொலைபேசிக்கும் ஒரு வழி கண்டனர். மாத்திரையை வெளியே எடுக்கும்போது உறையில் மறைந்துள்ள எண் தெரியும்; அவ்வெண்ணுக்குக் கட்டணமின்றி அழைத்தால் அன்றைய மருந்து பதிவாகும். எனினும் அழைத்தவர் விழுங்கினார் என்பதற்கு அவ்வழைப்பு மட்டும் சான்றாகாது. கருவி நினைவூட்டும், ஆறுதல் கூறுபவர் மனிதரே.

ஜேர்மனியில் அண்மைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ நாலாயிரம் பேருக்கு இந்நோய் கண்டறியப்படுகின்றது. அகதிகள் விடுதிக்கு வந்தபோது நெஞ்சுக் கதிர்ப்படம் எடுத்ததை உங்கள் பெற்றோரிற் சிலர் நினைவுகூர்வர். அது நம்மை இழிவுபடுத்துவதற்கன்று. நோயை வேளையோடு கண்டு குணப்படுத்துவதற்கே.

வைத்தியரின் ஜேர்மன் மொழியைப் பெற்றோருக்குத் தமிழில் எடுத்துச் சொல்பவர்கள் பல வீடுகளில் நீங்களே. "இருமல் நின்றாலும் மருந்தை நிறுத்தாதீர்கள், வைத்தியர் முடிந்தது என்று சொல்லும்வரை எடுங்கள்" என்னும் வாக்கியத்தைப் பிழையின்றிச் சொல்லப் பழகுங்கள். நீங்கள் கற்ற தமிழ் ஓர் உயிரைக் காக்கும் இடம் அதுவாகவும் இருக்கலாம்.

வினாக்கள்
1. உடல் தேறிய பின்னரும் மருந்தைத் தொடர்வது ஏன்?
2. சென்னை ஆய்வில் வீட்டிலிருந்த நோயாளர் எவ்வாறு கவனிக்கப்பட்டனர்?