வெளிநாட்டு நர்ஸ் வேலை: பணம் கட்டும் முன் உங்களை அளந்து பாருங்கள்

செய்ய வேண்டியவை

• முதலில் பேச்சைச் சோதியுங்கள். ஐ.வி. போடுவதில் கைதேர்ந்த பிள்ளைகள்கூட ஆங்கிலத்தில் வாய் திறக்கும்போது தடுமாறுகிறார்கள். பிரிட்டனில் பதிவு பெற ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 350, எழுதுதலில் 300 மதிப்பெண் வேண்டும். பேசும் தேர்வில் ஒவ்வொரு உரையாடலுக்கும், சூழலைச் சொல்லும் அட்டையைப் படிக்க 3 நிமிடம், நோயாளியாக நடிப்பவரோடு பேச 5 நிமிடம். கோச்சிங் சேரும் முன்பே ஒரு தோழியை உட்கார வைத்து, இன்சுலின் வேண்டாம் என்று அவர் அடம்பிடிப்பதாக வைத்துப் பேசிப் பாருங்கள். செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். மருந்துப் பெயரெல்லாம் தடையில்லாமல் வரும், "எதுக்கும்மா பயப்படறீங்க?" என்று கேட்கத்தான் வார்த்தை வராது. பயிற்சி வேண்டியது அங்கேதான்.

• ஜெர்மனி என்றால் ஆங்கிலம் போதாது. செவிலியராக அங்கீகாரம் பெறப் பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 நிலை கேட்கிறார்கள். அதுவரை படிக்க நேரமும் வீட்டுச் செலவுக்கு வழியும் இருக்கிறதா என்று கணக்குப் போடுங்கள்.

• நம் வார்டுகளில் நோயாளிக்கு ஊட்டுவதும் உடம்பு துடைப்பதும் பெரும்பாலும் கூட இருக்கும் சொந்தக்காரர்கள். வெளிநாட்டில் அதில் நர்ஸுக்கும் பங்கு உண்டு. அதற்கு மனம் ஒப்புகிறதா?

• பாஸ்போர்ட், மார்க் ஷீட், நர்ஸிங் கவுன்சில் பதிவு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்றிருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள்.

செய்யக்கூடாதவை

• வேலை பார்க்காத காலத்துக்கு அனுபவச் சான்றிதழ் வாங்காதீர்கள். வளைகுடா நாடுகளுக்கான டேட்டாஃப்ளோ சரிபார்ப்பில், சான்றிதழ் கொடுத்த மருத்துவமனையிடமே நேராகக் கேட்கிறார்கள். பொய் வெளிப்பட்டால் உழைத்துச் சேர்த்த உண்மையான அனுபவத்தையும் நம்ப மாட்டார்கள்.

• லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்டிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டுமே. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரியுங்கள்.

• ஒரிஜினல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டு வராதீர்கள்.

• இடையில் வேலையை விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பத்தியைப் படிக்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விசா கைக்கு வரும்வரை இப்போதைய வேலையை விடாதீர்கள்.