பலகாரச் சட்டியும் மருந்துப் பெட்டியும்: தீபாவளிச் சமையலுக்குச் சில குறிப்புகள்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே தேக்காவில் பச்சரிசி, வெல்லம், உளுத்தம்பருப்பு எல்லாம் வாங்கத் தொடங்கிவிடுவீர்கள். முறுக்கு உரலைத் தேடி எடுத்துக் கழுவிக் காயவைப்பீர்கள். "ஏம்மா கஷ்டப்படுறீங்க, கடையில வாங்கிக்கலாமே" என்று பிள்ளைகள் சொன்னாலும், வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாமல் தீபாவளி வந்ததாகவே உங்களுக்குத் தோன்றாது. அந்தச் சட்டியை இறக்கி வைக்கும்படி இந்தக் கட்டுரை சொல்லப்போவதில்லை. நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ கொழுப்புக்கோ மருந்து எடுத்துக்கொள்பவர், பலகாரம் செய்யும் நாள்களிலும் தீபாவளியன்றும் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

ஓர் அதிரசத்தின் கணக்கு

1 கிலோ பச்சரிசி மாவுக்கு முக்கால் கிலோ வெல்லம் சேர்த்து 50 அதிரசம் தட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஓர் அதிரசத்தில் 20 கிராம் மாவும் 15 கிராம் வெல்லமும் இருக்கும். 15 கிராம் என்பது சுமார் 3 தேக்கரண்டி. மாவும் வெல்லமும் சேர்ந்து ஏறக்குறைய 30 கிராம் மாவுச்சத்து ஆகிறது. இரண்டு துண்டு ரொட்டியில் இருக்கும் அளவு அது. எனவே இரண்டு அதிரசம் சாப்பிட்டவர், வயிறு நிறையாமலே ஒரு கிண்ணம் சோற்றுக்குச் சமமான மாவுச்சத்தை உட்கொண்டுவிடுகிறார். அதன் பிறகு பகல் சாப்பாடு வேறு இருக்கிறது.

"சீனியைக் குறையுங்கள்" என்று பலதுறை மருந்தகத்தில் சொல்லும்போது, நம்மில் பலர் தேநீரில் போடும் வெள்ளைச் சீனியை மட்டும்தான் நினைத்துக்கொள்கிறோம். தமிழில் சீனி என்ற சொல் அந்த வெள்ளைப் பொருளோடு ஒட்டிக்கொண்டதால் வரும் குழப்பம் இது. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, குலா மலாக்கா, தேன் ஆகிய எல்லாமே இரத்தத்தில் சர்க்கரையின் அளவை உயர்த்துபவைதான். வெல்லத்தில் கொஞ்சம் இரும்புச்சத்தும் தாது உப்புகளும் இருப்பது உண்மைதான். ஆனால் ஓர் அதிரசத்திலிருந்து கிடைப்பது மிகச் சொற்பம். பேரீச்சம்பழத்தை அரைத்துச் செய்த லட்டுக்கும் இது பொருந்தும். அதைச் "சீனி போடாத இனிப்பு" என்று தட்டில் வைத்தால், நீரிழிவு உள்ள உறவினர் நம்பி நான்கு எடுத்துக்கொள்வார்.

சரி, இனிப்பைக் குறைத்துச் செய்யலாமா? எல்லாப் பலகாரத்திலும் முடியாது. அதிரசத்துக்குப் பாகுதான் உயிர். வெல்லத்தைக் குறைத்தால் மாவு சேராது, எண்ணெயில் பிரிந்துபோகும். ஆகையால் பக்குவத்தில் கைவைக்க வேண்டாம், அளவை மட்டும் மாற்றுங்கள். அதே மாவில் 50க்குப் பதிலாகச் சின்னச் சின்னதாக 100 தட்டினால், ஒன்றில் ஒன்றரைத் தேக்கரண்டி வெல்லம்தான் இருக்கும். பாசிப்பருப்பு நெய் உருண்டையில் அப்படியில்லை. அதை உருட்டுவதற்குப் பிடிப்புக் கொடுப்பது நெய். அதனால் அரைத்த சீனியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தாலும் உருண்டை உடையாது. ஓவனில் சுடும் பிஸ்கட்டுக்குச் சீனியைக் கால் பங்கு குறைக்கலாம். நிறம் சற்று வெளுப்பாக வரும், அவ்வளவுதான்.

எண்ணெயை அளந்து பாருங்கள்

முறுக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். சட்டியில் ஊற்றும் எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். எல்லாம் சுட்டு முடித்து, எண்ணெய் நன்றாக ஆறிய பிறகு மறுபடியும் அளந்து பாருங்கள். 80 முறுக்கு சுட்டு 400 மில்லிலிட்டர் குறைந்திருந்தால், ஒரு முறுக்கில் 5 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி எண்ணெய் இருக்கிறது. எண்ணெயிலிருந்து மட்டும் 40 கலோரிக்குச் சற்று மேல் கிடைக்கிறது. மாவின் கலோரி தனி.

எண்ணெய் சரியாகச் சூடாவதற்கு முன் மாவைப் பிழிந்தால் முறுக்கு வேக நேரமாகும், எண்ணெயும் அதிகமாக ஏறும். ஒரு சிட்டிகை மாவைப் போட்டால் அது உடனே குமிழ்விட்டு மேலே வர வேண்டும். வெப்பமானி இருந்தால் 170 முதல் 180 பாகை செல்சியஸ் வரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் நிறையப் போட்டாலும் சூடு இறங்கிவிடும்.

எந்த எண்ணெய் நல்லது என்று பலர் கேட்கிறார்கள். இதயத்துக்குச் சூரியகாந்தி, கனோலா, தவிட்டு எண்ணெய் போன்றவை நெய்யையும் தேங்காய் எண்ணெயையும் விட ஏற்றவை. ஏனென்றால் பின்னவை இரண்டிலும் நிறைகொழுப்பு மிக அதிகம். பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்க்குச் சிங்கப்பூரில் 2021 ஜூன் மாதம் முதல் தடை உள்ளது. ஆனால் "நல்ல" எண்ணெயிலும் கலோரி குறைவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. நெய் பிஸ்கட்டை நெய்யில்தான் செய்ய வேண்டும் என்றால் நெய்யிலேயே செய்யுங்கள். எண்ணெய்க்கு மாற்றினால் அது வேறு பண்டமாகிவிடும். இதையும் சின்னதாக உருட்டினால் போதும்.

முறுக்கு பொரபொரவென்று வர ஆப்பச்சோடா போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி ஆப்பச்சோடாவில் சுமார் 1,250 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு தேக்கரண்டி உப்பில் இருப்பதே அவ்வளவுதான். சோடாவுக்குப் பதிலாக ஒரு கரண்டி சூடான எண்ணெயை மாவில் விட்டுப் பிசைந்தாலும் முறுக்கு மொறுமொறுப்பாக வரும். சோடியம் குறைந்த உப்பு வாங்கிப் பயன்படுத்தலாம். ஆனால் அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து எடுப்பவர்களும் முதலில் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும்.

தீபாவளிக் காலையும் மாத்திரையும்

பண்டிகை என்றாலே சர்க்கரை ஏறிவிடும் என்ற பயம்தான் எல்லாருக்கும் இருக்கிறது. இறங்கிவிடவும் கூடும் என்பதை யாரும் நினைப்பதில்லை. ஆனால் திடீரென்று ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் சர்க்கரை இறங்குவதுதான்.

அந்தக் காலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறீர்கள். வழக்கமான நேரமாயிற்றே என்று மாத்திரையை விழுங்குகிறீர்கள், அல்லது இன்சுலின் போட்டுக்கொள்கிறீர்கள். பிறகு சாமி கும்பிட வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும், மகன் குடும்பத்தோடு ஜூரோங்கிலிருந்து வந்து சேர வேண்டும். எல்லாரும் வந்த பிறகுதான் இட்லியும் ஆட்டுக்கறியும். 7 மணிக்குப் பசியாற வேண்டியவர் 10 மணி வரை வெறும் வயிற்றோடு, அடுப்படியில் நின்றபடி வேலை பார்க்கிறார்.

இன்சுலினும், கிளிபிசைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளும் நீங்கள் சாப்பிட்டீர்களா என்று பார்த்து வேலை செய்வதில்லை. சாப்பாடு தாமதமானாலும் அவை சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. நீங்கள் எடுப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால், தீபாவளிக்கு முன் மருந்துப் பையோடு மருந்தாளரைப் பாருங்கள். "பண்டிகையன்று பசியாறத் தாமதமாகும், மருந்தை எப்போது எடுக்கட்டும்?" என்று கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் பதில் வேறுபடும். நீங்களாகவே மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். கேட்க வாய்ப்பில்லாமல் போனால், வழக்கமான நேரத்தில் மருந்தோடு இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிடுங்கள். எல்லாரும் வந்த பிறகு அவர்களோடு உட்கார்ந்து இன்னும் ஒன்று சாப்பிடலாம். வீட்டுக்குப் பெரியவர் முதலில் சாப்பிட்டதால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

சர்க்கரை இறங்கும்போது வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பசி எடுக்கும், தலை சுற்றும், பேச்சு தடுமாறும். அடுப்புப் பக்கத்தில் நிற்பவர் "அனல்தான்" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றுவிடுவார். சில இரத்த அழுத்த மருந்துகள் படபடப்பையும் நடுக்கத்தையும் வெளியே தெரியாமல் மறைத்துவிடும். அதனால் சந்தேகம் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து, விரலில் குத்திப் பாருங்கள். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் உடனே 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். அல்லது அரைக் குவளை பழச்சாறு, இல்லையென்றால் சாதாரண குளிர்பானம் குடிக்கலாம். "சீனி இல்லாதது" என்று எழுதிய பானம் உதவாது. 15 நிமிடம் கழித்து மறுபடியும் சோதியுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். ஏறிய பிறகு சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் சாப்பிடுங்கள்.

இந்த நேரத்தில் கைக்கெட்டும் இனிப்பு அதிரசமோ பால்கோவாவோதான். ஆனால் அவற்றை நம்ப வேண்டாம். எண்ணெயும் நெய்யும் சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றவோ ஊட்டவோ கூடாது. உடனே 995ஐ அழையுங்கள்.

"நேற்று இனிப்பு சாப்பிட்டுவிட்டேன், இன்றைக்கு ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொள்கிறேன்" என்று சிலர் சொல்வதுண்டு. இது மிகவும் ஆபத்தான பழக்கம்.

விருந்துக்குப் போகும்போது

ஒரு நாளில் ஐந்து வீட்டுக்குப் போனால் ஐந்து தட்டு வந்து நிற்கும். "ஒன்னே ஒன்னு எடுத்துக்குங்க, நானே செஞ்சது" என்று கேட்கும்போது மறுப்பது கடினம். முதல் வீட்டில் ஒன்று சாப்பிடுங்கள். அடுத்த வீட்டில் "ஒரு டப்பாவுல கட்டிக் குடும்மா, நாளைக்குத் தேத்தண்ணியோட சாப்பிடுறேன்" என்று சொன்னால் கொடுப்பவருக்கும் மனம் நிறையும். குடிக்க வெறும் தண்ணீரோ தே ஓ கோசோங்கோ கேளுங்கள். நீங்கள் வீட்டுக்காரராக இருந்தால், வேண்டாம் என்று சொன்னவரை இரண்டாம் முறை வற்புறுத்தாதீர்கள். அவருடைய மருந்துப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

அடுப்படியில்

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், எண்ணெய் தெறித்தால்கூட உணர மாட்டார்கள். மூடிய செருப்புப் போட்டுக்கொண்டு சமையுங்கள். வேலை முடிந்ததும் பாதங்களைப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்காவது சுட்டுவிட்டால் குறைந்தது 10 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசையும் கருப்புச் சோயாவும் வேண்டாம். கொப்புளம் வந்தாலோ, சுட்டது பாதத்தில் என்றாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சட்டி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. முடிந்தால் அடுப்பை அணைத்து, பக்கத்தில் தயாராக வைத்திருக்கும் மூடியால் மூடுங்கள். தீ அடங்காவிட்டால் வெளியேறி 995ஐ அழையுங்கள்.

ஆட்டுக்கறியை அடுப்பிலேயே வைத்து, வருகிறவர்களுக்கு அவ்வப்போது சூடுகாட்டிக் கொடுப்பது நம் வழக்கம். நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கறியும் சோறும் தேங்காய்ச் சட்னியும் வெளியே இருக்கக் கூடாது. முக்கியமாகச் சோற்றில் சில கிருமிகள் உண்டாக்கும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. சமைத்ததும் ஒரு பாதியைத் தட்டையான டப்பாக்களில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது ஒரு டப்பாவை மட்டும் எடுத்துக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்குங்கள். ஒருமுறை சூடாக்கியதில் மிஞ்சியதை மறுபடியும் எடுத்துவைக்க வேண்டாம்.

பொரித்த எண்ணெய் கறுத்து, நுரைத்து, சிக்கு வாடை அடித்தால் குழம்பு தாளிக்க எடுத்துவைக்காதீர்கள். கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். நன்றாக ஆறிய பிறகு பழைய செய்தித்தாளில் ஊறவைத்து, பைக்குள் போட்டு இறுகக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.