ரஹீம் சாஹிபுக்குப் பிறகு யார்?

தேற்றாத்தீவு ஊடாகச் செல்லும் மட்டக்களப்பு – கல்முனை வீதியில் அநேக சிறு கடைகளை நடத்துவது முதலாளியின் ஞாபகசக்திதான். யாரிடம் எவ்வளவு கடன் நிற்கிறது, புறக்கோட்டையில் எந்த மொத்த வியாபாரி எத்தனை நாள் தவணை தருவார், எல்லாம் அவர் தலைக்குள். அவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் கடையும் சேர்ந்து படுத்துவிடும். இந்த விடயத்தைப் பேச, இவ்வாரம் ஓர் உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம்.

மர்ஹூம் செய்யத் அப்துல் ரஹீம் 1909இல் பிறந்த ஹைதராபாத்காரர், பாடசாலை ஆசிரியர். இளமையில் தானும் பந்து ஆடியவர். 1950இல் ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணியைப் பொறுப்பேற்று, 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கிண்ணத்தை வென்று கொடுத்தார். இந்திய அணிக்கும் அவரே பயிற்றுவிப்பாளர். 1951இல் புதுடில்லி ஆசிய விளையாட்டு விழாவில் தங்கம். 1952இல் கொழும்பில் நடந்த நான்கு நாடுகள் போட்டியில் பாகிஸ்தானுடன் கூட்டாக முதலிடம்.

அதே ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10–1 என்று அடித்து அனுப்பியது. இந்திய வீரர்களில் பலர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். அதன் பின்னர் சப்பாத்து கட்டாயமாயிற்று. பழக்கம் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. நான்கே வருடங்களில், மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம்!

ரஹீம் சாஹிபின் பயிற்சி முறை வியாபாரிகள் கவனிக்க வேண்டியது. பலவீனமான காலால் மட்டுமே பந்தை அடிக்க வேண்டும் என்று விதி வைத்துப் போட்டிகள் நடத்தினார். நம் கடைகளிலோ காசு மேசையில் இருப்பவருக்குக் கொள்முதல் தெரியாது. சாமான் நிறுப்பவருக்குக் கடன் கொப்பி தெரியாது. மாதத்தில் ஒரு கிழமை வேலையை மாற்றிக் கொடுத்தால் என்ன நட்டம்? தராசில் நிற்கும் பையனை ஒரு தடவையாவது கொழும்புக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

1962 ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2–0 தோல்வி. பின்வரிசை வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். ரஹீம் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை, முன்வரிசைக்கு அனுப்பினார். செப்டெம்பர் 4இல் அதே தென்கொரியாவுடன் இறுதியாட்டம். பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல், 2–1, தங்கம்.

அப்போதே அவரைப் புற்றுநோய் பிடித்திருந்தது. 1963 ஜூன் 11இல் வபாத்தானார். அவர் இடத்தில் அமர்த்த அதே தரத்தில் ஒருவர் ஆயத்தமாக இருக்கவில்லை. அது அவர் குற்றமல்ல, அவரை வைத்திருந்தவர்களின் குற்றம் என்பதே என் எண்ணம். வீரர்களை அவர் உருவாக்கினார். அடுத்த பயிற்றுவிப்பாளரை உருவாக்க வேண்டியது நிர்வாகம். கடையில் அந்த இரண்டு வேலையும் முதலாளியுடையது.

இந்திய ஆண்கள் அணி ஆசிய விளையாட்டு விழாவில் மீண்டும் தங்கம் வெல்லவில்லை. 1970இல் பாங்கொக்கில் ஒரு வெண்கலம் கிடைத்தது. அந்த அணியைப் பயிற்றுவித்தவர்களில் ஒருவர், ஜகார்த்தா இறுதியாட்டத்தில் முதல் கோலை அடித்த ரஹீம் சாஹிபின் மாணவர் பி.கே. பானர்ஜி.