மரத்துக்கு வெள்ளைப் பூச்சு: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

மரத்துக்கு வெள்ளைப் பூச்சு என்றதும் பொங்கலுக்கு முன் சுவரில் அடிக்கும் சுண்ணாம்புதான் பலருக்கு நினைவு வருகிறது. தவறுகளில் பாதி அங்கிருந்தே கிளம்புகின்றன.

நம்பிக்கை: சுண்ணாம்பைக் கரைத்து அடித்தால் போதும்.

நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும். சுவர் அசையாது, அதனால் அங்கே நிற்கும். மரமோ மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். இறுகிய சுண்ணாம்பு பொடியாக உதிர்ந்து, உட்கார்ந்தவர் வேட்டியில் ஒட்டும். கருவேலம் போன்ற துவர்ப்பு மிகுந்த மரத்தில் சுண்ணாம்பின் காரம் பட்டால் நிறமும் கறுக்கும். ஆண்டுதோறும் அடித்துக்கொள்ளும் வெளிவேலிக்கு அது சரி. நாற்காலிக்கு வேண்டியது வெள்ளை எமல்ஷன். அதே அளவு தண்ணீர் கலந்தது.

நம்பிக்கை: பழைய பாலிஷ் மேலேயே பூசலாம்.

முடியாது. பூச்சு மரத்துக்குள் இறங்க வேண்டும்; வார்னிஷ் அதைத் தடுக்கும். உப்புத்தாளை 80-ல் தொடங்கி 120, 150 என்று ரேகை போகும் திசையிலேயே தேயுங்கள். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக உருண்டு நின்றால் வார்னிஷ் இன்னும் இருக்கிறது. ஊறினால் மரம் தயார்.

பழைய பெயின்ட் என்றால் கதை வேறு. வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பெயின்ட் கண்ட கதவையோ தொட்டிலையோ உலர்வாகத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அந்தத் தூசியிலுள்ள ஈயம் குழந்தையின் மூளையைப் பாதிக்கும். தொட்டிலைப் பொறுத்தவரை என் கருத்து, அதை விட்டுவிடுங்கள்.

நம்பிக்கை: கை கூடக் கூட வெண்மை அழகு.

அப்படியானால் சாதாரண பெயின்டே அடிக்கலாமே! இந்தப் பூச்சின் உயிர் துடைப்பதில் இருக்கிறது. ஒரு முழம் அளவு பூசி, ஓரிரு நிமிடத்துக்குள் பழைய பருத்தித் துணியால் ரேகையோடு துடைத்தால் நுண்துளைகளில் வெள்ளை தங்கும், மேட்டில் மரம் தெரியும். மொத்தப் பலகையையும் பூசிவிட்டுத் துடைக்க வந்தால் திட்டுத் திட்டாகக் காய்ந்திருக்கும்.

சில நாளில் பழுப்புக் கறை எழுந்தால் பெயின்ட் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். மரத்தின் துவர்ப்பு தண்ணீரில் கரைந்து மேலேறியதுதான் அது. பைன் பலகையின் கணுக்களில் பிசினும் கசியும். அங்கே மட்டும் மெழுகு நீக்கிய அரக்குப் பூச்சை முதலில் கொடுங்கள். மேல்பூச்சுக்கு எண்ணெய் வார்னிஷ் வேண்டாம், மஞ்சளடிக்கும். தண்ணீர் சார்ந்த பாலியூரிதேன் தெளிவாக நிற்கும்.

தாத்தா காலத்துத் தேக்கில் மட்டும் கை வைக்காதீர்கள். துளைகளில் இறங்கிய வெள்ளையை எடுக்க இழைப்புளிதான் வேண்டும். மா, ரப்பர் மரம், பைன் இருக்கின்றன. அவற்றிலும் மேசையின் அடிப்பக்கத்தில் ஒரு சாண் பூசி, காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மேலே தொடங்குங்கள்.