யார் இந்த எம். பிரண்டேஜ்?

கேள்வி: 1930-களில் வந்த 'வியர்ட் டேல்ஸ்' என்ற அமெரிக்க பல்ப் (மலிவு விலைக் கதை) இதழின் அட்டைப் படங்களில் 'எம். பிரண்டேஜ்' என்று கையெழுத்து இருக்கிறதே, யார் சார் அவர்?

– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மார்கரெட் பிரண்டேஜ். சிகாகோக்காரர். ஆமாம், பெண்தான்! கையெழுத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் பிறகுதான் வெளியே சொன்னார்.

1932-ல் அந்த இதழுக்கு வரையத் தொடங்கி, அறுபதுக்கும் மேற்பட்ட அட்டைகளை வரைந்தார். 1933 நடுவிலிருந்து மூன்று வருடங்களுக்கு மேல் எல்லா இதழிலும் அவர் அட்டைதான். ஓர் அட்டைக்கு 90 டாலர். 1930-களின் பொருளாதாரப் பெருமந்த காலத்தில் அது நல்ல காசு. அரைகுறை ஆடை அழகி அட்டையில் இருந்தால் இதழ் விற்கும் என்பது ரைட்டின் கணக்கு. அட்டையில் இடம்பிடிப்பதற்காகவே கதைக்குள் அப்படியொரு காட்சியைச் செருகிய எழுத்தாளர்களும் உண்டு. (எந்த ஊரில்தான் இல்லை?)

மற்றவர்கள் எண்ணெய் வண்ணத்தில் தீட்ட, இவர் பயன்படுத்தியது பேஸ்டல் கட்டிகள். விரல் பட்டாலே கலைந்துவிடும். இதழின் அலுவலகம் சிகாகோவில் இருந்தவரை ஓவியத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க முடிந்தது. 1938-ல் இதழ் நியூயார்க்குக்கு மாறியதும் பார்சலில் அனுப்புவது பெரும்பாடானது. ஆபாச எதிர்ப்பும் அங்கே பலமாக இருந்தது. வாய்ப்பு வற்றியது. மூல ஓவியங்களில் இன்று மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான்.

ஆண்களையும் அரக்கர்களையும் சுமாராகத்தான் வரைவார். நிறம் மட்டும் அபாரம். 1933 அக்டோபர் இதழின் வௌவால் பெண்ணைத் தேடிப் பாருங்கள்.