பழைய ஜீப்பும் ஓமின் விதியும்

ஓமின் விதியை நாம் எல்லோரும் பள்ளியிலேயே படித்துவிட்டோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிட்டோம். ஆயினும் அந்த விதியை நான் உண்மையில் கற்றது கொல்லிமலை அடிவாரத்தில், என் மாமாவின் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோதுதான். அந்த அனுபவத்தையும், பழைய வண்டிகளில் மின்கோளாறுகளைத் தேடும் முறையையும் நம் கல்லூரி மலரில் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன். இயற்பியல் படிக்காத நண்பர்களும் அஞ்ச வேண்டாம். பெருக்கல், வகுத்தலுக்கு மேல் இதில் கணக்கு ஏதுமில்லை.

மாமாவின் ஜீப் டீசலில் ஓடுவது. வயதில் என்னைவிட மூத்தது. காரவள்ளியிலிருந்து செம்மேட்டுக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றில் ஏறி இறங்கித்தான் அவர் வீட்டில் அடுப்பெரிகிறது. மேலிருந்து மிளகு, காபிக்கொட்டை, பலாப்பழம் வரும். கீழிருந்து மளிகையும் ஆட்களும் போவார்கள். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமும் நின்றது.

காலையில் 'செல்ஃப்' அடித்தால் மோட்டார் முக்கி முக்கிச் சுற்றும்; எஞ்சின் பிடிக்காது. ஆதலால் மாமா இரவில் வண்டியைச் சரிவான இடத்தில் நிறுத்திவைத்து, காலையில் உருட்டிக் கிளப்புவார். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. காற்றை அழுத்தும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. பழைய வண்டிகளில் எண்ணெய் பம்பும் எஞ்சினாலேயே இயங்குவது. எனவே ஒரு முறை கிளம்பிவிட்டால் மின்சாரம் இல்லாமலும் ஓடும். இந்த வசதியே இவ்வகை வண்டிகளின் மின்கோளாறுகள் மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடப்பதற்குக் காரணம் என்பது என் எண்ணம்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்துவிட்டு, "பேட்டரி வீக்குங்கண்ணே" என்றார். கடன் வாங்கிப் புதிய பேட்டரி போட்டார் மாமா. பத்து நாள் நன்றாக இருந்தது. பிறகு அதே முனகல். அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாற்றினார்கள். அதற்கும் பணம் போயிற்று, முனகல் போகவில்லை. இதற்கிடையில் ஒரு நாள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை இறங்கும்போது ஆக்சிலேட்டர் அழுத்திய நிலையிலேயே சிக்கிக்கொண்டது. மாமா பதறாமல் ஸ்டாப்பரை இழுத்து எண்ணெயை நிறுத்தி, கியரிலேயே வண்டியை அடக்கி ஓரம் கட்டினார். கழற்றிப் பார்த்தபோது ஆக்சிலேட்டர் கேபிளின் பிளாஸ்டிக் உறை உள்ளே உருகி ஒட்டியிருந்தது. "எஞ்சின் சூடு" என்று சொல்லி வேறு கேபிள் போட்டார்கள். பேட்டரிக்கும் கேபிளுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குந்தான்.

விடுமுறைக்குப் போன என்னிடம், "பிசிக்ஸ் படிக்கிறியே மாப்ளே, இது என்னன்னு பாக்க மாட்டியா?" என்றார் மாமா. அதில் கேலி பாதி, வேண்டுகோள் பாதி.

இங்கே சற்று நின்று அடிப்படையைக் காண்போம். வீட்டில் ஒரு விளக்குக்கு இரண்டு கம்பிகள் போகின்றன. வண்டியில் ஒன்றுதான் போகிறது. திரும்பி வரும் பாதை வண்டியின் இரும்பு உடம்பே. பேட்டரியின் எதிர்முனை உடம்போடு பிணைக்கப்பட்டிருக்கும். இதை எர்த் என்பார்கள். (பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்முனையே எர்த். அத்தகைய வண்டியில் கை வைப்பவர் முதலில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.) நாம் எல்லோரும் போகும் பாதையைச் சோதிக்கிறோம், திரும்பும் பாதையை மறந்துவிடுகிறோம். பழைய வண்டியில் துருப்பிடிப்பதோ அந்தத் திரும்பும் பாதைதான்.

மேலும் ஒன்று. எஞ்சின் அதிராமலிருக்க ரப்பர் கட்டைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்கடத்தி அன்று. ஆகவே எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கத் தனியாகப் பின்னல் செம்புப் பட்டை ஒன்று வைத்திருப்பார்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினில் பொருத்தப்பட்டிருப்பதால் அதன் மின்னோட்டம் முழுவதும் அந்தப் பட்டை வழியேதான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். டீசல் எஞ்சினைச் சுற்ற 150, 200 ஆம்பியர், சமயங்களில் அதற்கும் மேல் தேவைப்படும். வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே போதும். 200 ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட் அங்கே தொலைந்துவிடும். 12 வோல்ட் வண்டியில் 2 வோல்ட் என்பது ஆறில் ஒரு பங்கு.

சரி, அந்த 0.01 ஓமை மல்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பார்த்துவிடலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மீட்டரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 ஓம் காட்டியது! சிறிய தடையை அளக்க நம் ஆய்வகத்தில் கேரி ஃபாஸ்டர் சமனச்சுற்றைப் பயன்படுத்துவது இதற்காகத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அதை ஜீப்புக்கு அடியில் கொண்டுபோக முடியுமா? முடியாது. ஆனால் தடையை அளக்க வேண்டியதில்லை. மின்னோட்டத்தை ஓடவிட்டு, எந்த இடத்தில் வோல்ட் தொலைகிறது என்று பார்த்தால் போதும். கோளாறே தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

முதலில் ஓய்வில் பேட்டரி: 12.5 வோல்ட். ஆறு அறைகள், அறைக்கு 2.1 வோல்ட் வீதம் நிறை மின்னேற்றத்தில் 12.6 இருக்க வேண்டும். எனவே குறையில்லை. ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பக்கூடாது. உள்ளுக்குள் கெட்ட பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.5 காட்டும், பளு ஏற்றினால்தான் சாயம் வெளுக்கும். மின்கலத்தின் மின்னியக்கு விசைக்கும் முனை மின்னழுத்தத்திற்கும் உள்ள வேறுபாடு என்று நாம் மின்னழுத்தமானிச் சோதனையில் எழுதுவது இதைத்தான்.

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, எஞ்சின் பிடிக்காதபடி ஸ்டாப்பரை இழுத்துவைத்து, மாமாவைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். மோட்டார் வழக்கம்போல் முனகியது. பேட்டரி முனைகளிலோ 11.2 வோல்ட்! இங்கேதான் மர்மம் அவிழ்ந்தது. பேட்டரி பலவீனமாக இருந்தால் அதன் வோல்ட் 9-க்கும் கீழே விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அதாவது பேட்டரி கொடுக்கத் தயாராக இருக்கிறது, வாங்கிக்கொள்ள வழியில்லை.

அடுத்து மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனைக் குமிழிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்தேன். இரண்டும் எர்த், இடையே வோல்ட் இருக்கக்கூடாது. செல்ஃப் அடிக்கும்போது 0.2 அல்லது 0.3 வரை பொறுத்துக்கொள்ளலாம். மீட்டர் காட்டியது 3.8. பிறகு அந்தப் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்தேன். குமிழுக்கும் அதைக் கவ்வும் கிளாம்புக்கும் இடையே 0.1, கிளாம்பிலிருந்து சேஸிஸ் போல்ட் வரை 0.2, சேஸிஸிலிருந்து எஞ்சினுக்கு 3.5. கூட்டினால் 3.8. கிர்ச்சாஃப் தம் விதிகளை 1845-இல், நம்மைப்போல் மாணவராக இருந்தபோதே வகுத்தார் என்பார்கள். அந்தக் கூட்டல் சரியாக வந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை அவர் புரிந்துகொண்டிருப்பார்.

அடியில் படுத்துப் பார்த்தேன். செம்புப் பட்டை பச்சை பூத்து, பெரும்பாலான இழைகள் அற்றுத் தொங்கியது. மிச்ச மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்பியது? எஞ்சினையும் உடம்பையும் தொடும் வேறு உலோகம் எது? ஆக்சிலேட்டர் கேபிள். ஏறக்குறைய 150 ஆம்பியர் ஓடியதாகக் கொண்டால், 3.5 வோல்ட் இழப்புக்கு 525 வாட் வெப்பம். சலவைப் பெட்டியில் பாதிக்கு மேல். ஒவ்வொரு முறை செல்ஃப் அடிக்கும்போதும் அந்த வெப்பத்தில் ஒரு பங்கு கேபிளுக்குள் பாய்ந்திருக்கிறது. உறை உருகியது எஞ்சின் சூட்டால் அன்று. வேறு கேபிள் போட்டதால் அபாயம் தள்ளிப்போனதேயன்றித் தீரவில்லை.

புதிய பட்டை சில நூறு ரூபாய். போல்ட் பதியும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் வெள்ளிபோல் மின்னும்வரை தேய்த்து, முறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். கழற்றும்போது பேட்டரியின் எதிர்முனையை முதலில் எடுக்க வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். இல்லையேல் நேர்முனையில் இருக்கும் ஸ்பேனர் உடம்பில் பட்டாலே பெரும் பொறி பறக்கும். பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடுவது, பொறி விளையாட்டல்ல.

இப்போது செல்ஃப் அடித்ததும் எஞ்சின் உடனே பிடித்தது. மீண்டும் ஸ்டாப்பரை இழுத்துவைத்து அளந்தேன். எஞ்சினுக்கும் எதிர்முனைக்கும் இடையே 0.2. பேட்டரி முனைகளில் 10.3. "முன்ன 11 இருந்துச்சே, இப்ப கொறஞ்சிருச்சே!" என்று மாமா கவலைப்பட்டார். தடை நீங்கியதால் மின்னோட்டம் கூடியது. கூடவே பேட்டரியின் அகத்தடையில் இழப்பும் கூடியது. வோல்ட் குறைந்ததே நலம் பெற்றதன் அடையாளம். இதை அவருக்கு விளக்க எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. சொன்னதை அவர் ஒப்புக்கொண்டாரா என்பது இன்றும் ஐயமே. வண்டியைச் சரிவில்தான் நிறுத்துகிறார்.

இதே முறையை வண்டியின் வேறெந்தச் சுற்றுக்கும் பொருத்தலாம். ஹெட்லைட் மங்கலாக இருந்தது. எரியும்போது பல்பின் முனைகளில் அளந்தால் 10.5 வோல்ட்தான். 12-இல் எட்டில் ஒரு பங்கு குறைந்ததற்கு வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். இழைப் பல்பின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகச் சரியும். மலைப்பாதையில் இரவில் இது எத்தகைய இழப்பு என்று சொல்ல வேண்டுமா? 60 வாட் பல்பு இரண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர். பழைய ஜீப்புகள் பலவற்றில் அது முழுவதும் டாஷ்போர்டு சுவிட்சின் தேய்ந்த முனைகள் வழியே போகிறது. ஒரு ரிலேயை இடையில் வைத்தோம். இப்போது சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்குகிறது, பல்புக்குப் பேட்டரியிலிருந்து நேர்ப்பாதை.

பின்விளக்கில் இருந்த கோளாறு ஒரு நல்ல வினாவாகும். நண்பர்கள் முதலில் தாங்களே யோசித்துப் பார்க்கலாம். பிரேக்கை மிதித்தால் இடப்பக்கப் பிரேக் விளக்கு எரியவில்லை. விளக்குச் சுவிட்ச் அணைந்திருந்தும் டாஷ்போர்டு விளக்குகள் லேசாக ஒளிர்ந்தன! வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன என்றே எவரும் சொல்வர். உண்மையில் அந்த விளக்குக் கூட்டின் எர்த் துருவால் அற்றிருந்தது. ஒரே பல்புக்குள் 21 வாட் இழையும் 5 வாட் இழையும் உள்ளன. இரண்டுக்கும் எர்த் பொது. 21 வாட் இழைக்குள் நுழைந்த மின்னோட்டம் எர்த் கிடைக்காமல், 5 வாட் இழை வழியே பின்னோக்கிச் சென்று, அதன் வயரைப் பிடித்துக்கொண்டு டாஷ்போர்டு விளக்குகளை அடைந்து, அவற்றின் எர்த்தில் இறங்கியது. எரியும் நிலையில் 21 வாட் இழையின் தடை சுமார் 7 ஓம்; 5 வாட் இழைக்கு 29 ஓம். தொடராக வரும்போது பெரும்பங்கு வோல்ட்டைச் சிறிய இழை எடுத்துக்கொள்வதால் பெரிய இழை இருண்டே கிடக்கும். ஒரு ஸ்குருவைத் துடைத்து முறுக்கியதும் சரியாயிற்று.

மின்னேற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. ஓடும்போதும் 12.5 தான் என்றால் இல்லை. அப்போது ஆல்டர்னேட்டரைக் கழற்றுமுன் டாஷ்போர்டின் சிவப்புச் சார்ஜ் விளக்கைப் பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளுக்கு முதல் மின்னோட்டம் அந்தச் சிறு பல்பு வழியேதான் போகிறது. பல்பு பியூஸ் போனால் மின்னேற்றமும் தொடங்காது.

இரவோடிரவாகப் பேட்டரி இறங்குகிறதென்றால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எதிர்முனைக்கும் அதன் வயருக்கும் இடையே அம்மீட்டரைத் தொடராகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். (அப்போது மறந்தும் செல்ஃப் அடிக்கலாகாது, மீட்டர் போய்விடும்.) மாமாவின் வண்டியில் 0.4 ஆம்பியர் ஒழுகியது. பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். எதை எடுத்தும் குறையவில்லை. பாட்டுப்பெட்டியைப் பியூஸே இல்லாமல் நேராகப் பேட்டரியில் கொடுத்திருந்தார்கள்! நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 ஆம்பியர்-மணி அதிலேயே போயிருக்கிறது.

பியூஸ் பெட்டியைத் திறந்தபோது மற்றொன்றும் கண்டேன். ஹாரன் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஹாரன் வயரின் உறை ஒரு முழ நீளத்துக்குக் கருகியிருந்தது; அதற்கு நாலு விரல் தள்ளித்தான் டீசல் குழாய் போகிறது. வயரை மாற்றி, 15 ஆம்பியர் பியூஸ் ஒன்றைப் போட்டு, அதே அளவில் நான்கைப் பொட்டலம் கட்டி மாமாவின் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.